போதுமான படம்

மருத்துவ இயற்பியல் முதுநிலைப் படிப்பின் இரண்டாம் ஆண்டில், ஓர் இரவு பத்து மணிக்கு மேல், கடைசி நோயாளியும் போன பிறகு, சி.டி. ஸ்கேன் அறையில் நான் முதன்முதலாகப் படமெடுத்தது தண்ணீரைத்தான். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள அக்ரிலிக் உருளையில் காற்றுக் குமிழி இல்லாமல் நிரப்பிய வெறும் தண்ணீர். உருளையின் மேல் வரைந்திருந்த குறிகளும் சிவப்பு லேசர் கோடுகளும் ஒன்றோடொன்று பொருந்தும்வரை அதை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்த்தி வைத்துவிட்டு, கனமான கதவைச் சாத்தி, ஈயக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து பொத்தானை அழுத்தினேன். சில நொடிகளில் திரையில் ஒரு சாம்பல் வட்டம் வந்தது. அதற்குள் எதுவும் இல்லை, இருக்கவும் கூடாது. ஆனால் சாம்பல் நிறத்தின் எல்லைகளைக் குறுக்கிப் பார்த்தபோது, அந்த வட்டம் முழுவதும் மணலைத் தூவியதுபோல் புள்ளிபுள்ளியாக இருந்தது.

சி.டி. படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. கருவியை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரால் வழங்கும் அந்த அளவுகோலில் தண்ணீருக்கு 0, காற்றுக்கு −1000. நான் படத்தின் நடுவில் ஒரு சிறு வட்டம் வரைந்து கேட்டபோது, கணினி சராசரியை 0-க்கு மிக அருகில் காட்டியது. ஆனால் புள்ளிகள் அந்தச் சராசரியிலிருந்து விலகி நிற்கும் அளவு, அதாவது திட்டவிலக்கம், 6 என்று வந்தது. அந்த 6-ஐத்தான் நாங்கள் இரைச்சல் என்று சொல்கிறோம். எனக்குப் பயிற்சி அளித்த மூத்த இயற்பியலாளர் பின்னால் நின்றுகொண்டு, “இந்த ஆறை மூணாக்கிக் காட்டும்மா” என்றார். குழாயில் ஓடும் மின்னோட்டத்தை இரட்டிப்பாக்கினால் போதும் என்று நினைத்து, 100 மில்லிஆம்பியர்-நொடியாக இருந்ததை 200 ஆக்கி மறுபடி எடுத்தேன். 4.2 வந்தது. “இன்னும் ஏத்தணுமா சார்?” என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. 400 வைத்தபோதுதான் 3 வந்தது. இரைச்சலைப் பாதியாக்க நான்கு மடங்கு கதிர்வீச்சு வேண்டியிருந்தது. உருளையில் இருந்தது தண்ணீர் என்பதால் யாருக்கும் நட்டமில்லை. அங்கே ஒரு மனிதர் படுத்திருந்தால் அந்த நான்கு மடங்கையும் அவருடைய உடல்தான் வாங்கியிருக்கும்.

அயனியாக்கும் கதிர்வீச்சைக் கொண்டு படமெடுக்கும் இயற்பியலை மூன்று ஆண்டுகளாகப் படித்தும் அளந்தும் வருகிறேன். எந்தப் பாடத்தைத் தொட்டாலும் அது கடைசியில் அந்த இரவின் கணக்குக்கே என்னைக் கொண்டுவந்து விடுகிறது.

அந்த மணல் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்ல வேண்டும். முற்றத்தில் ஒரே அளவுள்ள கிண்ணங்களை வரிசையாக வைத்துவிட்டு, மழை தூறத் தொடங்கிய அடுத்த நொடியே பார்த்தால், ஒன்றில் மூன்று துளி இருக்கும், பக்கத்துக் கிண்ணத்தில் ஒன்றுகூட இருக்காது. ஒரு மணி நேரம் பெய்த பிறகு எல்லாக் கிண்ணங்களும் ஏறத்தாழச் சமமாக நிரம்பியிருக்கும். எக்ஸ்ரேயின் துகள்களான ஃபோட்டான்களும் அப்படித்தான், ஒன்றையொன்று கலந்துகொள்ளாமல் தனித்தனியாக வந்து விழுகின்றன. ஒரு புள்ளியில் சராசரியாக 100 ஃபோட்டான்கள் விழுந்தால் அந்த எண்ணிக்கை 10 வரை கூடிக் குறைவது இயல்பு. 10,000 விழுந்தால் கூடிக் குறைவது 100. முதலாவதில் ஊசலாட்டம் 10 விழுக்காடு, இரண்டாவதில் 1 விழுக்காடு. எண்ணிக்கையின் வர்க்கமூலமே ஊசலாட்டம் என்ற இந்த விதியை எந்த நிறுவனத்தின் எந்த விலையுயர்ந்த கருவியாலும் மீற முடியாது. கல்லீரலில் சுற்றியுள்ள திசுவைவிடச் சிறிதளவே வேறுபட்டிருக்கும் ஒரு கட்டி, இந்த ஊசலாட்டத்துக்கு மேலே தலைதூக்கினால்தான் கண்ணுக்குத் தெரியும். தொலைக்காட்சிக் கேமராக் குழாய்களில் வேலை செய்த ஆல்பர்ட் ரோஸ் 1940-களில் சொன்னபடி, ஒரு பொருளை உறுதியாகக் கண்டுகொள்ள அது சுற்றுப்புறத்திலிருந்து வேறுபடும் அளவு இரைச்சலைப் போல ஐந்து மடங்கு இருக்க வேண்டும்.

போதாக்குறைக்கு, உடலுக்குள் நுழையும் ஃபோட்டான்களில் மிகச் சிலவே மறுபக்கம் வந்து சேர்கின்றன. 60 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள எக்ஸ்ரே கற்றை தண்ணீரில் ஏறத்தாழ 3.4 சென்டிமீட்டர் போவதற்குள் பாதியாகிவிடுகிறது. அடுத்த 3.4-இல் அந்தப் பாதியில் பாதி. என் 20 சென்டிமீட்டர் உருளையைக் கடப்பதற்குள் ஏறத்தாழ ஆறு முறை பாதியாகி, நுழைந்த 60 ஃபோட்டான்களில் ஒன்றுதான் திசைமாறாமல் கண்டறிவானைத் தொடுகிறது. மற்றவை வழியிலேயே விழுங்கப்பட்டோ சிதறியோ போகின்றன. முழுவதும் கடந்து வந்த கதிரை வைத்துப் படம் வரைய முடியாது, முழுவதும் நின்றுபோன கதிரை வைத்தும் வரைய முடியாது. சில இடங்களில் நின்றும் சில இடங்களில் கடந்தும் வருவதால்தான் நிழல் உண்டாகிறது. ஆகவே நோயாளியின் உடல் ஏற்கும் ஆற்றலைத் தவிர்க்கக்கூடிய ஒரு பக்க விளைவு என்று சொல்ல முடியாது. படம் உருவாகும் வழியே அதுதான். இதை வகுப்பில் சமன்பாடாக எழுதியபோது எனக்கு உறைக்கவில்லை. அந்த உருளைக்கு முன்னால்தான் உறைத்தது.

எக்ஸ்ரே பிறக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். 1895 நவம்பர் 8 அன்று வுர்ட்ஸ்பர்க் நகரின் தம் ஆய்வகத்தில் ரான்ட்ஜன், கறுப்பு அட்டையால் மூடிய மின்னிறக்கக் குழாய்க்கு எட்டத்தில் இருந்த ஒரு திரை ஒளிர்வதைக் கண்டார். ஆறு வாரங்களில் தம் மனைவியின் கையை, மோதிரம் அணிந்த விரலெலும்போடு, படமெடுத்துவிட்டார். இன்றும் குழாயின் அடிப்படை மாறவில்லை. சூடான இழையிலிருந்து கிளம்பும் எலெக்ட்ரான்கள் உயர் மின்னழுத்தத்தால் விரட்டப்பட்டு டங்ஸ்டன் வட்டின்மேல் மோதி, அங்குள்ள அணுக்கருக்களின் அருகில் திடீரென்று வேகம் இழக்கும்போது அந்த ஆற்றல் எக்ஸ்ரேயாக வெளிவருகிறது. பிரேக் போடும்போது பிறக்கும் கதிர் என்றே ஜெர்மன் மொழியில் இதற்குப் பெயர். ஆனால் மோதும் ஆற்றலில் 99 விழுக்காடு வெறும் வெப்பமாகிறது. 3,400 பாகை செல்சியசுக்கு மேல் உருகும் டங்ஸ்டனையே இலக்காக வைத்து, அந்த வட்டை நிமிடத்துக்கு 3,000 முதல் 10,000 சுற்று வரை சுழற்றி, வெப்பம் ஒரே இடத்தில் தேங்காமல் பார்த்துக்கொள்கிறார்கள். காலையில் கருவியை இயக்கியவுடன் கேட்கும் அந்த மெல்லிய உறுமல், வட்டு வேகம் பிடிக்கும் ஓசை. எக்ஸ்ரே அறையில் நாற்பது ஆண்டுகள் வேலை பார்த்த ஓர் அண்ணன், அந்த ஓசை மாறுவதை வைத்தே குழாய் எப்போது பழுதாகும் என்று சொல்லிவிடுவார். அளவு கருவிகளோடு போகும் நான் அவரிடம் கேட்காமல் என் அறிக்கையை எழுதுவதில்லை.

அவரிடம்தான் குழாய்க்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தை, அதாவது கிலோவோல்ட்டை, தேர்ந்தெடுக்கும் கலையையும் கற்றேன். மார்பு எக்ஸ்ரே எடுக்க வருபவரைப் பலகையோடு ஒட்டி நிற்கச் செய்து, தோள்களை முன்னால் தள்ளி, “மூச்ச நல்லா இழுத்துப் பிடிங்க” என்று அவர் சொல்லும் நேரத்துக்குள் அவர் கை 120 கிலோவோல்ட்டை வைத்துவிட்டிருக்கும். அதே அண்ணன் கை எலும்புக்கு 55 வைப்பார். ஒளிமின் விளைவு என்ற நிகழ்வில் ஃபோட்டான் முழுவதுமாக விழுங்கப்படுகிறது. அதற்கான வாய்ப்பு அணு எண்ணின் ஏறத்தாழ மூன்றாம் படியாக ஏறி, ஆற்றலின் மூன்றாம் படியாக இறங்குகிறது. மென்திசுவின் சராசரி அணு எண்ணை 7.4 என்றும் எலும்பினுடையதை 13.8 என்றும் வைத்துக்கொண்டால், இரண்டுக்கும் இடையே ஆறு மடங்குக்கு மேல் வித்தியாசம் வந்துவிடும். அதனால்தான் எலும்பு வெள்ளையாகப் பளிச்சிடுகிறது. கிலோவோல்ட்டை ஏற்றி ஆற்றலைக் கூட்டினால் இந்த வித்தியாசம் மங்கி, ஃபோட்டான் சிதறிப்போகும் காம்ப்டன் நிகழ்வு மேலோங்குகிறது. காம்ப்டன் சிதறல் அணு எண்ணைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. மார்பில் விலா எலும்புகள் கண்ணை மறைக்காமல் நுரையீரல் தெரிய வேண்டும், கதிரும் எளிதில் கடந்துபோக வேண்டும் என்பதால் அங்கே 120. மாறாக, மார்பகத்தில் கொழுப்புக்கும் சுரப்பித் திசுவுக்கும் உள்ள சிறு வேறுபாட்டைப் பிடிக்க வேண்டியிருப்பதால் மேமோகிராமில் 30-க்கும் கீழே இறங்குகிறார்கள்.

நம் நாட்டில் மருத்துவ இயற்பியல் படித்தவர்களில் பெரும்பாலோர் புற்றுநோய்க் கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவுக்கே போகிறார்கள். அங்கே கதிரளவின் அலகான கிரேயில், ஒரு நாளுக்கு 2 கிரே, ஆறு வாரத்தில் 60 கிரே என்று கணக்கு. படமெடுக்கும் பிரிவில் எங்கள் கணக்கு மில்லிகிரேயில். என் வகுப்புத் தோழர்கள் சிலர் இதைச் சின்னக் கணக்கு என்று எண்ணியதுண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. சிகிச்சை பெறுபவர் ஒருவர் என்றால் படமெடுத்துக்கொள்பவர் பல நூறு பேர். அவர்களில் பலருக்கு நோயே இல்லை என்றுதான் முடிவு வரும்.

கதிரளவு பற்றிப் படித்தவற்றில் என்னை நெடுநாள் தூங்கவிடாமல் செய்தது ஒரு சிறு கணக்கு. 1 கிரே என்பது 1 கிலோ திசுவில் 1 ஜூல் ஆற்றல். உடல் முழுவதும் ஒரே நேரத்தில் 4 கிரே அளவுக்கு ஏற்றவர்கள், மருத்துவ உதவி இல்லாவிட்டால், ஏறத்தாழப் பாதிப் பேர் இறந்துபோவார்கள். 70 கிலோ எடையுள்ளவருக்கு அது 280 ஜூல். உடலின் வெப்பநிலையை ஒரு பாகையில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் அதனால் உயர்த்த முடியும். ஒரு தேக்கரண்டிகூட நிரம்பாத சூடான தேநீரில் அவ்வளவு ஆற்றல் இருக்கிறது. கொல்வது ஆற்றலின் அளவன்று, அது போய்ச் சேரும் விதம். தேநீரின் வெப்பம் எல்லா மூலக்கூறுகளுக்கும் துளித்துளியாகப் பங்கிடப்படுகிறது. கதிர்வீச்சோ அதே ஆற்றலை ஒரு சில எலெக்ட்ரான்களிடம் மொத்தமாகக் கொடுத்து, அவை ஓடும் தடமெல்லாம் மூலக்கூறுகளை அயனியாக்கி, செல்லின் மரபிழைகளை அறுத்துவிடுகிறது. அறுந்தவற்றில் பெரும்பாலானவற்றைச் செல் தானே ஒட்டிக்கொள்கிறது. தவறாக ஒட்டிக்கொண்ட ஒன்று பல ஆண்டுகள் கழித்துப் புற்றாகலாம்.

படமெடுக்கும்போது நாம் பேசுவது இந்த அளவுகளில் இல்லை. உடலுக்கு நேரக்கூடிய தீங்கையும் கணக்கில் கொண்ட அலகான சீவர்ட்டில் சொன்னால், ஒரு மார்பு எக்ஸ்ரே 0.1 மில்லிசீவர்ட்டுக்கும் குறைவு. வயிற்றுக்கு எடுக்கும் ஒரு சி.டி. ஏறத்தாழ 10. பூமியில் சும்மா வாழ்வதற்கே உலகச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் நம் உடலில் ஏறுகிறது. ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர்தப்பியவர்களை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்து கவனித்ததில் கிடைத்த கணக்கைக் கீழ்நோக்கி நீட்டிப் பார்த்தால், 10 மில்லிசீவர்ட் ஏற்ற 2,000 பேரில் ஒருவருக்கு அதனால் உயிர்கொல்லும் புற்றுநோய் வரலாம் என்று மதிப்பிடுகிறார்கள். அது மதிப்பீடுதான், இவ்வளவு சிறிய அளவுகளில் நேரடியாகக் கண்டுகாட்டுவது மிகக் கடினம். தேவையான ஸ்கேனை இதற்காகப் பயந்து தள்ளிப்போடுவது நிச்சயமாகத் தவறு.

நான் மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் கடற்கரை மணலில் மோனசைட் இருக்கிறது, மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. அதைப் பிரித்தெடுக்கும் ஆலை எங்கள் பேருந்து போகும் வழியில்தான். முதல் செமஸ்டர் விடுமுறையில் துறையிலிருந்து அனுமதியோடு கதிர்வீச்சு அளவுமானி ஒன்றை ஊருக்கு எடுத்துப்போனேன். வீட்டுத் திண்ணையில் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்த அது, சிறுவயதில் நான் விளையாடிய மணல்மேட்டில் வைத்ததும் விடாமல் படபடத்தது. இதே வகை மணல் நிறைந்த கேரளத்தின் கருநாகப்பள்ளிக் கடற்கரையில் பல்லாண்டுகள் நடந்த ஆய்வு, 2009-இல் வெளியானபோது, அங்கே புற்றுநோய் கூடுதலாக இருப்பதைக் காட்டவில்லை. “இம்புட்டு மண்ணுல கெடந்தே வளந்தாச்சு, ஒரு எக்ஸ்ரே என்ன செய்யும்?” என்று ஊரில் கேட்பவர்கள் உண்டு. மண்ணை நாம் தேர்ந்தெடுக்கவில்லை, பொத்தானை நாம்தான் அழுத்துகிறோம் என்பதே நான் அவர்களுக்குச் சொல்லும் பதில். அதே விடுமுறையில், கண் அறுவைக்கு முன் மார்பு எக்ஸ்ரே எடுத்துவிட்டு வந்த அம்மா, “இந்தக் கதிரு ஒடம்புக்குள்ளயே கெடக்குமா மக்களே?” என்று கேட்டாள். “வெளக்க அணச்ச பெறவு வெளிச்சம் வீட்டுக்குள்ள கெடக்குமாம்மா?” என்றேன். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

சி.டி. பற்றிச் சொல்லும்போது ஹவுன்ஸ்ஃபீல்டை மட்டும் சொல்லி நிறுத்த எனக்கு மனம் வருவதில்லை. 1956-இல் கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் அணுக்கரு இயற்பியல் கற்பித்துக்கொண்டிருந்த ஆலன் கார்மாக், அங்குள்ள க்ரூட் ஸ்கூர் மருத்துவமனையில் கதிரியக்கப் பொருள்களைக் கண்காணிக்க இயற்பியலாளர் ஒருவர் தேவைப்பட்டதால், வாரத்தில் சிறிது நேரம் அங்கே போய்வந்தார். சிகிச்சைக்குத் திட்டமிடும்போது உடல் முழுவதையும் ஒரே பொருளாகக் கருதிக் கணக்கிடுவதைப் பார்த்து, உள்ளே எங்கெங்கே எவ்வளவு கதிர் விழுங்கப்படுகிறது என்பதை வெளியிலிருந்து அளந்தே கண்டுபிடிக்க முடியாதா என்று யோசித்தார். மரவளையத்துக்குள் அலுமினியத்தைப் பொருத்தி, காமா கதிரால் அளந்து, கணக்குப் போட்டார். நடுவில் அலுமினியத்தின் எண் கொஞ்சம் இடித்தது. பட்டறையில் விசாரித்தபோது, அந்த வட்டின் மையத்தில் சற்றே வேறுபட்ட உலோகத்தாலான ஓர் ஆப்பு செருகப்பட்டிருந்தது தெரியவந்தது. அவர் தேடாத ஒன்றை அவருடைய கணக்கு கண்டுபிடித்திருந்தது. 1971 அக்டோபர் 1 அன்று லண்டனின் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி முதல் நோயாளியின் தலையைப் படமெடுத்தபோது, அந்தப் படத்தில் இருந்தவை 80-க்கு 80 புள்ளிகள்தாம். இருவருக்கும் 1979-இல் சேர்த்து நோபல் பரிசு கொடுத்தார்கள்.

ஃபிலிம் இருந்த காலத்தில் கதிர் கூடிப்போனால் படம் கறுத்துப்போகும். டெக்னீஷியனின் தவறு விளக்குப் பெட்டியின் முன் எல்லோருக்கும் தெரிந்துவிடும். டிஜிட்டல் கண்டறிவான்களில் அந்த எச்சரிக்கை இல்லை. கதிர் கூடினால் இரைச்சல் குறைந்து படம் இன்னும் வழவழப்பாக, இன்னும் அழகாக வருகிறது; கணினி வெளிச்சத்தைத் தானே சரிசெய்துகொள்கிறது. குறைவாகக் கொடுத்தால் மருத்துவர் கோபித்துக்கொள்வார், கூடுதலாகக் கொடுத்தால் பாராட்டுவார். இப்படியே யாருடைய தீய எண்ணமும் இல்லாமல் கதிரளவு மாதாமாதம் மெல்ல ஏறிக்கொண்டே போகிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான்.

நான் பயிற்சி பெற்ற மருத்துவமனைகளுள் ஒன்றில், குழந்தைகளுக்கு எடுத்த வயிற்று சி.டி.க்களின் கதிரளவுகளைப் பதிவேட்டிலிருந்து தொகுக்கும் வேலை எனக்குக் கொடுக்கப்பட்டது. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் கருவி ஓர் எண்ணைக் காட்டும். அவற்றைத் தொகுத்து, சராசரி எடுத்து, பெரியவர்களுக்கான எண்களை ஒட்டியே இருக்கிறது, கவலைப்பட ஒன்றுமில்லை என்று அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டேன். சார் அதை இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். “இந்த நம்பர் எந்த ஃபேன்டத்துக்கு உண்டானதும்மா?” என்று மட்டும் கேட்டார். எனக்கு முகம் வெளுத்துவிட்டது. ஃபேன்டம் என்பது உடலுக்குப் பதிலாக வைத்து அளக்கும் மாதிரிப் பொருள். வயிற்று ஸ்கேனில் கருவி காட்டும் எண், 32 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஓர் அக்ரிலிக் உருளையில் அந்தக் கதிர் எவ்வளவு அளவை உண்டாக்கும் என்பதைத்தான் சொல்கிறது. படுத்திருக்கும் குழந்தையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. ஐந்து வயதுக் குழந்தையின் வயிறு அந்த உருளையில் ஏறத்தாழப் பாதி விட்டம்தான் இருக்கும். வெளித்திசு மறைப்பது குறைவாக இருப்பதால் உள்ளே ஏறுவது அதிகம். அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2011-இல் வெளியிட்ட அறிக்கையின் அட்டவணைப்படி, 16 சென்டிமீட்டர் விட்டமுள்ள உடலுக்கு அந்த எண்ணை இரண்டுக்குச் சற்று மேற்பட்ட எண்ணால் பெருக்க வேண்டும். பெரியவர்களுக்கு வைத்த அமைப்பையே குழந்தைகளுக்கும் வைத்திருந்தார்கள். நான் அதைக் கண்டுபிடிக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்து, எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டிருந்தேன். பெருக்கிப் பார்த்த அன்று மாலை அந்தப் பட்டியலில் இருந்த வயதுகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். 4, 7, 5, 2, 9. எண்களை அப்படி வாசித்தது அதுவே முதல்முறை.

குழந்தையின் உடல் சிறிது என்பது இன்னொரு வழியில் நமக்கு உதவுகிறது. விட்டம் பாதியானால் கதிர் பாதியாகும் தடவைகளும் குறைகின்றன. மறுபக்கம் வரும் ஃபோட்டான்கள் பல மடங்கு கூடுகின்றன. ஆகவே பெரியவருக்குக் கொடுப்பதில் ஒரு சிறு பகுதியைக் கொடுத்தாலே அதே இரைச்சலில் படம் கிடைக்கும். ஆனால் குழந்தைகளின் உறுப்புகள் சிறியவை, இடையில் கொழுப்பும் குறைவு. சற்றே தெளிவு கூடுதலாக வேண்டியிருக்கும். எவ்வளவு என்பதை இயற்பியலாளர் தனியாக முடிவுசெய்ய முடியாது. நாங்கள் வெவ்வேறு விட்டமுள்ள உருளைகளை ஐந்து இரவுகள் படமெடுத்து, ஒவ்வொரு எடைக்கும் ஓர் அமைப்பை எழுதி, கதிரியல் மருத்துவரிடம் கொண்டுபோனோம். மாதிரிப் படங்களைப் பார்த்த அந்த மேடம், மணல்மணலாக இருக்கிறதே என்று முதலில் தயங்கினார். பிறகு, இந்த மணலுக்குள் எதையெல்லாம் தவறவிடுவோம் என்பதைக் காட்டுங்கள் என்றார். அது மிகச் சரியான கேள்வி. மாறுபாடு குறைந்த சிறு வட்டங்கள் பொதிந்த ஃபேன்டத்தை எடுத்துப்போய், எந்த அமைப்பில் எத்தனை மில்லிமீட்டர் வட்டம்வரை தெரிகிறது என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினோம். இரண்டு எடைகளுக்கு அவர் கேட்டபடி கதிரளவைக் கொஞ்சம் கூட்டினோம். மற்றவற்றை அவர் ஏற்றுக்கொண்டார்.

புதிய அமைப்பில் முதலில் வந்தது ஆறு வயதுப் பையன் ஒருவன். வலது அடிவயிற்றில் வலி, காய்ச்சல். அல்ட்ராசவுண்டில் குடல்வால் சரியாகத் தெரியாததால்தான் சி.டி.க்கு அனுப்பியிருந்தார்கள். அவனுடைய அம்மா ஈய ஏப்ரனை மாட்டிக்கொண்டு அவன் கையைப் பிடித்தபடி நின்றார். பொத்தானுக்கு முன்னால் நான் அமைப்பை இரண்டு முறை சரிபார்த்தேன். படம் வந்தது. தண்ணீர் உருளையில் பார்த்த அதே மணல், அவனுடைய கல்லீரலின் மேலும் சிறுநீரகங்களின் மேலும் மெல்லியதாகப் படிந்திருந்தது. மேடம் பேசாமல் படங்களை மேலிருந்து கீழாக நகர்த்திக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தி, வீங்கிய குடல்வாலின் விட்டத்தை அளந்தார், அறுவைப் பிரிவுக்குத் தொலைபேசியில் சொன்னார், பிறகு அடுத்த நோயாளியின் படங்களைத் திறந்தார்.